இருபத்தாறாவது ஆள்

1976 ஜூன் 8, செவ்வாய்

முடித்த கோப்புகள்: 14.

மத்தியானம் மனேஜர் வில்கொக்ஸ் அறைக்குக் கூப்பிட்டார். ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். "நீ ஊரில் கணக்கு வாத்தியாராமே?" என்று கேட்டார். நான் மெல்பேர்னுக்கு வந்து இரண்டு வருடம். அதை முதன்முதலாகக் கேட்ட ஆள் ஓர் அமெரிக்கன். என் பட்டம் இங்கே செல்லாது என்றபடியால்தான் இந்த இன்சூரன்ஸ் கந்தோரில் இருந்து, தொழிற்சாலைகளில் கைகால் போனவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கட்டு விளையாட்டுப் பத்திரிகைகளைத் தந்தார். கப்பலில் வந்தவை. அவர்களுடைய ஃபுட்போலில் குவாட்டர்பாக் என்று ஒருவன் இருக்கிறான், பந்தை வாங்கித் தன் ஆட்களுக்கு எறிகிறவன். இருபத்தாறு அணிக்கு இருபத்தாறு பேர். போன வருட ஆட்டங்களை வைத்து இவர்களில் யார் திறம், யார் மோசம் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

நாகராஜனிடம் சொன்னேன். பக்கத்து மேசை, ஈப்போக்காரன், கந்தோரில் எனக்குத் தமிழ் பேச இருக்கும் ஒரே ஆள். "செஞ்சு குடுங்க சச்சி. மேல போக இதான் வழி" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜூன் 13, ஞாயிறு

குசினி மேசை முழுக்கக் காகிதம். எறிந்ததில் எத்தனை பிடிபட்டது, ஓர் எறிக்கு எத்தனை கெஜம், எத்தனை எறி புள்ளியாக முடிந்தது, எத்தனை எதிரியின் கைக்குப் போனது. இந்த நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாக்க, அந்த ஆட்டத்தை நடத்தும் லீக்காரரே மூன்று வருடத்துக்கு முன் ஒரு சூத்திரம் போட்டிருக்கிறார்கள். அதில் முழுப்புள்ளி நூறு இல்லை, நூற்றைம்பத்தெட்டு தசம் மூன்று! என் மாணவன் எவனாவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

விமலா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டாள். "ஆரோ எங்கையோ பந்து எறியிறாங்கள். அதுக்கு நீங்கள் ஏன் சாப்பிடாமல் இருக்கிறியள்?"

ஆனால் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்.

ஜூன் 17, வியாழன்

பட்டியலைக் கொடுத்தேன். வில்கொக்ஸின் சொந்த ஊர் அணிக்கு எறிகிறவன் இருபத்தாறாவது. மனுசனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்குக் கணக்குத் தெரியும், ஆட்டம் தெரியாது" என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினார். அவனுக்கு முன்னால் நின்று காக்கிறவர்கள் சரியில்லையாம். பந்து கைக்கு வரும்போதே நாலு பேர் மேலே விழுகிறார்களாம். அப்படியும் எறிகிறானாம். பிடிக்கிறவன் தவறவிட்டு எதிரி பிடித்தால் அதற்கும் பழி எறிந்தவன் தலையில். முதலாவதாக வந்தவனுக்கோ கிட்டக் கிட்ட எறிவதுதான் வேலை.

"ஒவ்வொருவனிடமும் எப்படிப்பட்ட வேலையைக் கொடுத்தார்கள் என்று உன் சூத்திரம் கேட்டதா?"

கேட்கவில்லை. அவர் சொன்னது முழுக்க நியாயம். கண்கூடக் கலங்கியது போலிருந்தது — பந்து எறிகிற ஒருவனுக்காக!

ஜூன் 18

முடித்தது: 16. வில்கொக்ஸ் கூப்பிடவில்லை.

ஜூலை 5, திங்கள்

காலையில் எட்டுக் கிளார்க்குகளையும் வரிசையாக நிற்க வைத்தார். "சச்சி எனக்கு ஒரு நல்ல யோசனை தந்திருக்கிறான்" என்றார். நான் எங்கே தந்தேன்? இனி எங்களுக்கும் புள்ளியாம். ஒரு நாளில் முடித்த கோப்பு, முதல் கடிதத்தோடு மூடிய கோப்பு, பிழையென்று திரும்பி வந்தது, எங்கள்மேல் வந்த முறைப்பாடு. அதே மாதிரி நான்கு. செப்டம்பர் முடிவில் முதலாவது ஆள் சுப்பவைசர். கடைசி ஆள் வீட்டுக்கு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாகராஜன் மட்டும் காதுக்குள், "நல்லா மாட்டி விட்டீங்கப்பா" என்று சிரித்தான்.

ஜூலை 20, செவ்வாய்

தட்டில் மேலே கிடந்தது ஒரு மால்ட்டா விதவையின் கோப்பு. புருஷன் பட்டறையில் விழுந்து செத்து எட்டு மாதம். டாக்டர் ஒரு காரணம் சொல்கிறார், முதலாளி வேறு காரணம் சொல்கிறார், அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கிழமைக் கணக்கில் இழுக்கும். கையில் எடுத்தேன். பிறகு நாகராஜன் மேசையில் வைத்தேன்.

"இதெல்லாம் உனக்குத்தான் சரிவரும்."

"வைங்க, பார்த்துக்கிறேன்" என்றான்.

பொய் சொல்லவில்லை. அவனுக்குத்தான் சரிவரும். இப்படிப்பட்டவர்களுக்கு ரெலிபோன் எடுத்து ஆறுதலாகப் பேசுவான். சாப்பாட்டு நேரத்தில் வீடு தேடிப் போவான். உண்மையாக இருந்தது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

முடித்தது: 19.

ஆகஸ்ட் 6, வெள்ளி

21. நாகராஜன் 6.

இந்தக் கிழமை மட்டும் ஐந்து பாரமான கோப்புகளை அவன் மேசைக்குத் தள்ளியிருக்கிறேன். மற்றவர்களும் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வழி காட்டினது ஆர்? சூத்திரத்தில் எங்கே ஓட்டை என்று தெரிந்தவன் நான்தானே. அதை எனக்குச் சொல்லித் தந்ததும் வில்கொக்ஸ்தான்.

நாகராஜனுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்காது. பிறகு ஏன் வாங்குகிறான்? "முடியாது, எடுத்துக்கொண்டு போ" என்றால் போகிறேன். சொல்லித் துலையன்!

செப்டம்பர் 24, வெள்ளி

நாளை கிராண்ட் ஃபைனல், இந்த ஊர் ஃபுட்போலின் இறுதி ஆட்டம். கந்தோர் முழுக்கக் கழுத்தைச் சுற்றிக் கம்பளித்துணியும் பந்துக் கதையும். இவர்களுடைய பந்து வேறு, வில்கொக்ஸின் பந்து வேறு. எங்கள் பட்டியலை ஏறெடுத்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

நான் முதலாவது. நாகராஜன் எட்டாவது.

வில்கொக்ஸ் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "நாகராஜனுக்குக் குடும்பம் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். நீ கணக்குப் படித்தவன். இந்தப் பட்டியல் சரிதானா?"

வாய் வரைக்கும் வந்தது. ஜூன் மாதம் அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லியிருந்தால் போதும். அவனிடம் எந்த வேலையைக் கொடுத்தோம் என்று பார்த்தீர்களா என்று கேட்டிருந்தால் போதும். இந்த நகரத்தில் வேறு ஒருவருக்கும் விளங்காது, அந்த ஒரு மனுசனுக்கு உடனே விளங்கியிருக்கும்.

"கணக்கில் பிழை இல்லை" என்றேன்.

பிழை இல்லைத்தான். மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன்.

அக்டோபர் 1, வெள்ளி

நாகராஜன் போய்விட்டான். பெண்சாதி பிள்ளைகளோடு சிட்னிக்கு. லிட்கம்மில் மச்சான் வீடு இருக்கிறதாம்.

மேசையைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தான். "அந்த மால்ட்டா அம்மா கேஸ் இன்னும் பாதியில நிக்குது. நீங்க பார்த்துக்கங்க சச்சி. மெதுவாப் பேசினா போதும், நல்ல அம்மா." அவ்வளவுதான். கை தந்துவிட்டுப் போனான். ஏசியிருக்கலாமே. எட்டுப் பேருக்கு முன்னால் ரெண்டு வார்த்தை ஏசிப்போட்டுப் போயிருக்கலாமே. அந்த உதவியைக்கூட அவன் செய்யேல்லை.

வீட்டுக்கு வந்து விமலாவிடம், சுப்பவைசர் வேலை கிடைத்துவிட்டது, இனி நீ பிஸ்கட் தொழிற்சாலையில் கால் கடுக்க நிற்கத் தேவையில்லை என்றேன்.

"நாகராஜன்ரை மனிசி எங்கை வேலை செய்யிறா?" என்று கேட்டாள்.

"வேலையில்லை. வீட்டிலைதான்."

திங்கட்கிழமைக்குத் தொழிற்சாலை உடுப்பை ஸ்திரி போடத் தொடங்கினாள்.

அக்டோபர் 11

விமலா இன்னும் வேலைக்குப் போகிறாள். கேட்டால், "எனக்குப் பிடிச்சிருக்கு" என்கிறாள்.

அக்டோபர் 25, திங்கள்

பாரமான கோப்புகள் தட்டில் குவிந்து கிடக்கின்றன. கிளார்க்குகள் அடியிலிருந்து இலேசானவற்றை உருவி எடுக்கிறார்கள். சத்தம் போடலாம் என்று எழும்பினேன். என்ன சொல்லிச் சத்தம் போடுவது? திரும்ப இருந்துவிட்டேன்.

பதினொரு மணிபோல மால்ட்டா விதவை நேரே வந்துவிட்டாள். கறுப்புச் சட்டை, கையில் துணியால் மூடிய கேக். "மிஸ்டர் ராஜ் எங்கே?" என்று கேட்டாள். சிட்னிக்குப் போய்விட்டார் என்றேன். "ஏன்?" என்றாள். மெதுவாகத்தான் பேசினேன். எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் வேறு வேலை கிடைத்துப் போனார் என்றுதான் வாயில் வந்தது. அவளுக்குச் சந்தோஷம். "நல்ல மனுசர், அவருக்குக் கிடைக்கத்தான் வேண்டும்" என்றாள்.

கதிரை போட்டு இருத்தினேன். கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்து விளங்கப்படுத்தினேன். நாகராஜன் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் என்னால் அதுவும் முடிந்தது. ஐந்து மணியாயிற்று. இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. கேக்கை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

முடித்தது: 0.

இது பட்டியலில் வராது. சுப்பவைசருக்குப் புள்ளி கிடையாது.