பீரோ சாவி

12.6.96, புதன்

நாளை நர்சிங் கல்லூரியில் இன்டர்வியூ. ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால், சேவை செய்ய என்று சொல்லச் சொல்கிறார் அப்பா. நிஜக் காரணம் போன மாதம் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் நடந்தது. தம்பிக்கு வலிப்பு வந்ததும் ஆளாளுக்கு அவன் கையில் சாவியைத் திணித்தார்கள். காய் வாங்க வந்த ஒரு நர்ஸம்மா அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

"இன்னாம்மா, சும்மா பாத்துக்கினு கீற?" என்று கத்தினாள் அம்மா.

"தானா நின்னுடும்மா. பக்கத்துல இரு, போதும்" என்றார் அவர்.

நின்றது. அந்த நிதானம் எனக்கும் வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

இன்று சாயங்காலம் அவனுக்கு மறுபடியும் வந்தது. பீரோ சாவியைத் தேடி ஓடியது நான்தான்.

தம்பி தூங்குகிறான். சாவி இன்னும் என் மடியில் கிடக்கிறது.