காரின் மூளைக்குப் பொட்டு வைத்தவளுக்கு

அக்கா,

அந்தப் பழைய பெட்டி இப்போது டிவி மேசையில் இருக்கிறது. அலுமினிய முதுகு, அதில் வரிவரியாக மேடு, ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பின்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் அதற்குள் அடங்கிவிடும். அம்மா தூக்கிப் போடச் சொல்கிறாள். இன்று காலை தூசி துடைக்கும்போது, அதன் மேல் காய்ந்து கிடந்த மஞ்சள் திட்டை நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம்தான். இன்ஜின் சூட்டில் இத்தனை மாதம் வெந்த பிறகும் வாசனை போகவில்லை. எவ்வளவு சூடு வரைக்கும் சந்தனம் தாங்கும் என்று உன்னிடம் கேட்டிருப்பேன். உனக்கும் தெரிந்திருக்காது. "போன்ல பாரு. பாத்துட்டு எனக்கும் சொல்லு" என்றிருப்பாய்.

பெட்டிக்குள் இருப்பதைப் பற்றித்தான் இந்த மடல். நீ இருந்திருந்தால் வண்டியில் போகும்போதே சொல்லி முடித்திருப்பேன்.

பத்தாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது வீட்டில் எல்லாரும் காரணம் கேட்டார்கள், நீ மட்டும் கேட்கவில்லை. வாத்தியார் எழுந்து நிற்கச் சொன்னால் எனக்கு வாயே திறக்காது என்பது உனக்குத் தெரியும். மறு வாரமே, கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகலாம் என்று ஆரம்பித்தாய். அம்மாவும் நானும் சமையல், நீ ஓட்டம். மௌலா அலியில் நம் வீட்டிலிருந்து நகரத்தின் மறுகோடி வரை அவ்வளவு தூரமும் சாம்பார் தூக்கைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு காரில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். நீ சட்டென்று பிரேக் போட்டால், உன் இடது கை என் முன்னால் குறுக்கே வந்து நிற்கும்.

ஒரு அடுக்குமாடி வாசலில் காவலாளி தெலுங்கில் கேட்டார், இந்தப் பாப்பாவுக்குப் பேச்சு வராதா என்று. நீ கண்ணாடியை இறக்கி, அதே தெலுங்கில், "நல்லா வரும் அண்ணா. உங்ககிட்ட பேசறதுக்கு விஷயம் கிடைக்கலையாம், தேடிக்கிட்டு இருக்கா" என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. அன்றிலிருந்து லிஃப்டை நமக்காகப் பிடித்துவைத்தார்.

வண்டிக்குள் மட்டும் என் வாய் ஓயாது. ஏசி போட்டால் இன்ஜின் சத்தம் ஏன் மாறுகிறது, அதற்கு யார் சொல்கிறார்கள், மேடு ஏறுகிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும். நீ பாதிக்குப் பதில் சொல்வாய். மீதிக்கு, "முன்னாடி ஒரு பெட்டி இருக்குடீ, அதான் இதோட மூளை. அதுகிட்ட கேளு, என்னை விடு" என்பாய்.

போன ஆயுத பூஜையில் அந்த மூளையை நீ விட்டுவைக்கவில்லை. குழாயைப் போட்டு பானட்டுக்குள் முழுக்கக் கழுவினாய். பிறகு கிண்ணம் நிறையச் சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாய். ஸ்டியரிங், பேட்டரி, வைப்பர், ஹாரன். "மூளைக்கு வைக்கலன்னா கோச்சுக்கும்" என்று அந்தப் பெட்டிக்குத் தாராளமாகவே வைத்தாய். சந்தனம் வழிந்து ஒயர்கள் சேருகிற இடம் வரை இறங்கியது. அதன் மேல் குங்குமம். அப்பா பக்கத்தில் நின்று கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

நீ போனபின் கார் மழையில் அப்படியே நின்றது. சாப்பாட்டு வேலையும் நின்றது. ஆனாலும் சிலர் அம்மாவுக்குப் போன் செய்து, எப்போது மறுபடி வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு முடிந்ததும் நீ இழுத்துக்கொண்டு போய் எடுக்கவைத்த லைசென்ஸ் என்னிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியைக் கிளப்பினார், நான் பக்கத்தில். ரயில்வே ஸ்டேஷன் திருப்பத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சு விளக்கு எரிந்து இன்ஜின் அணைந்தது. ஆறவிட்டுக் கிளப்பினால் ஓடும், சூடானால் நிற்கும். மூன்றாவது தடவை பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடிக்க, அப்பா இறங்கி வண்டியை ஓரமாகத் தள்ளினார்.

"வித்துடலாம்" என்றார் வீட்டுக்கு வந்து. "ஓடாத வண்டிய வாசல்ல வெச்சு தினம் பாத்துட்டு இருக்கணுமா?"

வண்டி போனால் கொண்டாப்பூரும் போய்விடும். நான் வெளியே போகிற ஒரே வழி அதுதான். அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாதான், ஒரு தடவை காட்டிப் பார்த்துவிட்டு விற்கலாம் என்றாள்.

காட்டியது காருக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற ஒரு பாயிடம். உனக்குத் தெரிந்தவர் இல்லை. சின்ன வயசுதான், மடிக்கணினியும் கையுமாக இருப்பார். அவர் பேசியது நம் ஊர் உருது. தமிழில் எழுதுகிறேன், 'நக்கோ'வை மட்டும் அப்படியே விடுகிறேன். 'வேண்டாம்' என்று எழுதினால் அவர் குரல் வரவில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகிக் கணினியில் பார்த்தார். "மத்ததெல்லாம் பேசுது ஸாப். இன்ஜின் பெட்டி மட்டும் பேச மாட்டேங்குது." என்னை யாரோ சொன்னது போல இருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பூட்டை விலக்கி ஒயர்க்கட்டை உருவினார். பின்கள் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தன. நடுவே மஞ்சளாக, கெட்டியாக ஏதோ. பாய் விரலால் தொட்டு முகர்ந்தார்.

"சந்தனமா?" என்று நிமிர்ந்தார். "இதுக்கும் பூஜையா?"

அப்பா சிரிக்கவில்லை. தன் வேலையிடத்தைப் பற்றிச் சொன்னார். பாலாநகரில் அவர் வேலை பார்க்கிற இடத்தில் ஆயுத பூஜைக்குக் கருவிகள் மேல் பொட்டு வைக்க விடமாட்டார்களாம். காகிதத்தில் பொட்டு வைத்து, அந்தக் காகிதத்தைக் கருவிக்கு முன்னால் சாய்த்து வைப்பார்களாம். தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் கருவி கெட்டுவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். "தினம் அங்க பாக்கறேன். வீட்ல ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல பாரு" என்றார் என்னிடம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த வண்டியை ஏன் அவரால் பார்க்க முடியவில்லை என்று. பூஜைக்கும் வண்டி நின்றதற்கும் சம்பந்தம் இருக்குமென்று அவர் முன்பே நினைத்திருக்கிறார்.

பெட்டி பிழைக்காது, மாற்ற வேண்டும் என்றார் பாய். அதே எண் போட்ட வேறொரு பெட்டி கொண்டுவந்தார். மாட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுமினுத்தது.

"பாத்தீங்களா? உங்க சாவிய இதுக்கு அடையாளம் தெரியல. திருட்டு வண்டின்னு நெனைக்குது."

அப்புறம் செய்ததைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். பழைய பெட்டியின் மூடியைப் பிளந்தார். உள்ளே ஒரு பச்சைத் தகடு, அதில் எறும்பு எறும்பாகக் கறுப்புத் துண்டுகள். ஒரு துண்டைக் காட்டி, சாவி அடையாளம், வண்டி எண் எல்லாம் இதில்தான் இருக்கிறது என்றார். மெல்லிய ஊசிகளை அதன் மேல் வைத்து, உள்ளிருப்பதைக் கணினிக்கு எடுத்தார். திரையில் எண்களும் எழுத்துகளுமாக வரிசை ஓடியது. பிறகு அதைப் புதுப் பெட்டிக்குள் ஏற்றினார்.

"வண்டி யாருதுன்னு இப்ப இதுக்குத் தெரியும். ஓட்டிக் கத்துக்கிட்டது மட்டும் மொதல்லேர்ந்து கத்துக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்துக்கிட்டதா? அத்தனை நாள் உன் காலின் கீழ் ஓடிய பெட்டி அது. கேட்கலாமா வேண்டாமா என்று அப்பாவின் சட்டைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். பாய் மூடியைப் போடப் போனார்.

"கைக்கு?" என்றேன். அவர் உருதுவிலேயே 'ஏன்' என்றுதான் கேட்டேன், ஆனால் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அப்பா திரும்பிப் பார்த்தார். கேட்டதைக் கேட்டாகிவிட்டது, மீதியையும் கேட்டேன். "பழசு கத்துக்கிட்டதையும் சேத்துப் போட முடியாதா? அக்கா ஓட்டினதெல்லாம் அதுலதானே இருக்கு?"

பாய் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "அது நக்கோ, மகளே. கெட்டுப்போன பெட்டி தப்புத் தப்பாக் கத்துக்கிட்டது அது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைக் குறைத்துச் சொன்னார். "அதுல உன் அக்கா இல்ல. ஆளை எல்லாம் அது கத்துக்காது. இன்ஜினைத்தான் கத்துக்கும். எங்க அழுக்கு படிஞ்சிருக்கு, எங்க தேஞ்சிருக்கு, எவ்வளவு பெட்ரோல் விட்டா நின்ன எடத்துல அணையாம ஓடும், இவ்வளவுதான்."

"அந்தத் தேய்மானமெல்லாம் இன்ஜின்லயேதானே இருக்கு?"

"ஆமா. அது எங்கயும் போகல. புதுப் பெட்டியும் அதே இன்ஜினைப் பாத்துத்தான் கத்துக்கும்."

இதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன், அக்கா. நீ ஓட்டி ஓட்டித் தேய்ந்த இன்ஜின். அதை ஒன்றும் தெரியாத ஒரு பெட்டி தடவித் தடவித் தெரிந்துகொள்கிறது. பழைய பெட்டியின் கணக்குக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து சேரும்? இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டா? அடுத்த தடவை பாயிடம் கேட்க வேண்டும்.

அன்று வண்டி கிளம்பியது. "ஏசி நக்கோ, ஆக்ஸிலேட்டர்ல யாரும் கால் வைக்க நக்கோ" என்றார் பாய். அது நின்ற இடத்திலேயே ஓடி, தானாக நிதானம் பழகட்டுமாம். இன்ஜின் முதலில் உறுமியது, அணையப் போவது போலத் தாழ்ந்தது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவை தாழும்போதும் அப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது. நான் காதை பானட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏற்ற இறக்கம் சின்னதாகிக்கொண்டே வந்து, எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி நின்றது. சிக்னலில் நம் வண்டி நிற்கிற அதே சத்தம்.

"இனி கொஞ்ச நாள் ஓட்டணும். மெதுவா, வேகமா, மேடு, பள்ளம், எல்லாம். அப்பத்தான் முழுசாப் படியும்" என்றார் பாய்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்ப ஓடுதில்ல, வாங்க ஆள் வரும். ஒருத்தர் கேட்டுட்டு இருக்கார்."

"விக்க வேண்டாம்ப்பா."

"யார் ஓட்டறது?"

"நான்."

"வாசல்ல காவலாளி கேட்டா என்ன சொல்லுவ? நீ பேசுவியா?"

"பேசறேன்."

அப்பா பாயைப் பார்த்தார். பாய் பானட்டை மூடிவிட்டு, "ஸாப், இப்பத்தான் என்னைக் கேள்வியா கேட்டுத் தள்ளிச்சு. காவலாளி பாவம்" என்றார். அப்பா சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, சுற்றிப் போய் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். வீடு வரை நான் ஓட்டினேன். இறங்கும்போது, "கிளச்ச மிதிச்சே வெச்சிருக்க. அவளும் அப்படித்தான்" என்றார்.

கேட்டவர்களில் பாதிப் பேர்தான் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார்கள், பரவாயில்லை. வாசலில் பேசுகிறேன், ரொம்ப இல்லை, எந்த மாடி என்கிற அளவுக்கு. ஒரு நாள் காவலாளி உன்னைக் கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நேற்று கொண்டாப்பூர் போகும் வழியில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். அந்த நொடியில் என் இடது கை தானாக நீண்டு, பக்கத்து இருக்கையின் முன்னால் குறுக்கே நின்றது. உள்ளங்கை விரிந்து, அங்கே உட்கார்ந்திருப்பவரின் மார்பு முன்னால் சாயாமல் தாங்குகிற உயரத்தில். அங்கே தயிர் சாதத் தூக்கு ஒன்றுதான் இருந்தது. யாரும் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கையைக் கியர் மேல் எடுத்து வைத்து, ஓட்டிப் போனேன்.