மேற்படி என்று போட்ட இரண்டு கோடுகள்

அன்புள்ள டீச்சர்,

பூச்சி உருண்டை வாசனையும் பழைய தாளின் ஈர நெடியும் என் மேசையில் இரண்டு நாட்களாக உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைகள் சேர்ந்ததையும் விலகியதையும் பதிகிற நம் பாடசாலையின் சேர்வு இடாப்பு வீட்டுக்கு வந்திருக்கிறது. அலுவலகப் புத்தகத்தைப் பாடசாலை வளவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. முப்பது வருடம் அந்த விதியைக் காத்தவன் நான். அதனால் யாராவது கதவைத் தட்டினால் மேலே ஒரு துவாயைப் போட்டு மூடிவைக்கிறேன்.

கொண்டுவந்தவர் பாடசாலையின் இப்போதைய அதிபர். உங்களிடம் பதினோராம் ஆண்டில் வரலாறு படித்தவர். மழையில் நனையாமல் ஷொப்பிங் பேக் இரண்டில் சுற்றி அணைத்துக்கொண்டு வந்தார். தேநீரைக் கையில் வாங்கியவர் குடிக்காமலேயே பேசினார்.

"சேர், பழைய இடாப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லி வந்திருக்கு. எல்லாம் ஏத்திட்டேன். இந்த ஒரு பக்கம்தான் நிக்குது. நீங்க மேற்படின்னு ரெண்டு ரெண்டு கோடா போட்டிருக்கீங்க. கோடு போட்டா அது வாங்க மாட்டேங்குது. ஒவ்வொரு பேருக்கும் தனித்தனியா காரணம் கேக்குது."

"மேல என்ன எழுதியிருக்கோ, அதையே எல்லாத்துக்கும் போட்டுடலாமே," என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துச் சொன்னார். "போட்டுடலாம் சேர். ஏழாவது பேருக்கும் அதையே போடவா?"

நான் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உங்களிடமும் ஒருகாலத்தில் அதைத்தான் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் பதினொரு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. கடைசிக் கட்டம், விலகியதற்கான காரணம். முதல் பெயருக்கு நேரே 'பெற்றோர் வேறிடம் சென்றமை' என்று என் கையெழுத்து. அதன்கீழ் பத்துச் சோடிக் கோடுகள். ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. அடிமட்டம் வைத்துப் போட்டவை போல இருக்கின்றன. ஆறாவது சோடிக்கு நேரே இருக்கும் ஏழாவது பெயர் தங்கமலர், ஏழாம் ஆண்டு.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளில் பற்றிய தீ மலைக்கும் ஏறி வந்தபோது, நம் தோட்டத்துக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நானும் நினைத்தேன். கொழுந்து நிறுக்கும் நேரம் அது. பெரியவர்கள் எல்லாம் நிறுவை மடுவத்தில் நின்றார்கள். கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகளும் இரண்டொரு கிழவர்களும்தான். நாட்டுப்பக்கத்திலிருந்து பாண் கொண்டுவரும் சிங்களக் கிழவர், சைக்கிளைப் பெட்டியோடு ரோட்டில் போட்டுவிட்டு, "துவன்ன! துவன்ன!" என்று கத்திக்கொண்டு லயத்துக்குள் ஓடினார். ஓடுங்கள், ஓடுங்கள். அவர் சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனை கோடுகள் போட்டிருப்பேனோ தெரியாது. பிள்ளைகள் தேயிலைக்குள் ஓடி மழைநீர்க் கான்களில் படுத்துக்கொண்டார்கள். பிறகுதான் தீ வைக்க வந்தவர்களோடு லொறி வந்தது.

தங்கமலரும் கானுக்குள் படுத்திருந்தவள்தான். மாடு கட்டுத்தறியில் நிற்கிறது என்று எழுந்து திரும்பி ஓடியிருக்கிறாள். தம்பி சட்டையைப் பிடித்து இழுத்தானாம். சட்டைப் பொத்தான்தான் அவன் கையில் வந்தது. மானாப்புல் வேய்ந்த மாட்டுக் கொட்டில், லயத்தை ஒட்டி இருந்தது.

விடிந்ததும் நீங்கள் கீழே போனீர்கள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். நான் இடாப்புகளையெல்லாம் எடுத்து, பழைய சாக்கில் கட்டி, அலுவலக அறைக் கூரைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தேன். அரசாங்கப் பதிவேடு அழியக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேறு ஒட்டிய சேலையோடு நீங்கள் திரும்பி வந்தபோதும் நான் ஏணியில்தான் நின்றேன். ஏழாம் ஆண்டில் ஒருவர் குறைவு என்றீர்கள். எனக்கு இறங்கி வரத் தைரியம் வரவில்லை.

ஒரு கிழமைக்குள் கீழ்ப்பிரிவுக் குடும்பங்கள் கிடைத்த லொறிகளில் ஏறி வடக்கே வவுனியாப் பக்கம் போய்விட்டன. பாடசாலை திறந்த அன்று அப்போது அதிபராக இருந்த பெரியசேர் நம் எல்லோரையும் கூப்பிட்டு, "யாரு வந்து கேட்டாலும் மழை, லீவு. அவ்வளவுதான்," என்றார். சம்பவப் புத்தகத்திலும் கடும் மழையால் பாடசாலை மூடப்பட்டது என்றே எழுதினார். மழை பெய்தது உண்மைதான். பிள்ளைகள் கான்களில் நனைந்துகொண்டு கிடந்தது அந்த மழையில்தான். பெரியசேர் எழுதியதற்கு அவர் பொறுப்பு. சேர்வு இடாப்பை நிரப்ப என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. இப்படி எழுது என்றும் யாரும் சொல்லவில்லை. முதல் பெயருக்குக் காரணம் எழுதினேன். பிறகு கோடு, கோடு, கோடு என்று கை போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது வரியில் அது நின்றதா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பயமா, பழக்கமா என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

மறுநாள் நீங்கள் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டீர்கள்.

"மாஸ்டர், இந்தக் கோடு யாருக்கு?"

"அது... எல்லாம் ஒரே நேரத்துல போனவங்கதானே டீச்சர்."

"அவ எங்க போனா?"

"நாளைக்குத் திருத்திடுறேன்."

"சரி மாஸ்டர், நாளைக்கு," என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் நான் சண்டை போட்டாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேனோ என்னவோ.

பேச்சை விட்டீர்களே தவிர இடாப்பை விடவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒருநாள், ஒரு பாடவேளைக்கு மட்டும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவீர்கள். பிறந்த திகதி ஏதோ சரிபார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். நாற்பது நிமிடத்தில் திரும்பிவிடும், தூசு துடைத்து. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவீர்கள் என்ற பயம் இருந்திருக்கலாம்.

நேற்று முன்தினம்தான் அதிபர் சொன்னார். இரண்டாம் உலகப் போர்ப் பாடம் முடிகிற அன்று நீங்கள் அதை வகுப்புக்குக் கொண்டுவருவீர்களாம். ஜெர்மனியில் முகாம்களில் என்ன நடந்தது, ஹிரோஷிமாவில் என்ன விழுந்தது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருந்தது. பரீட்சைக்கும் வந்தது. அதைச் சொல்லி முடித்துவிட்டு, இது புத்தகத்தில் இல்லை, பரீட்சைக்கும் வராது, எழுத வேண்டாம், கேட்டால் போதும் என்று சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்த பதினொரு பெயர்களையும் வாசிப்பீர்களாம். ஏழாவது பெயரில் நிறுத்தி, "இவ போகல," என்பீர்களாம். பிறகு நடந்ததைச் சொல்வீர்களாம்.

"எங்க வகுப்புல ஒருத்தி கேட்டா சேர், அப்ப ஏன் புத்தகத்துல போனதா எழுதியிருக்குன்னு. எழுதினவருக்கும் வீட்டுல பிள்ளைங்க இருந்தாங்க, அப்படின்னாங்க டீச்சர்."

டீச்சர், என்னை நீங்கள் அங்கே காட்டிக்கொடுத்திருக்கலாம். நியாயமாகவும் இருந்திருக்கும்.

ஆசிரியர் அறையில் நாம் பேசிக்கொண்டதெல்லாம் இப்போது நினைவுக்கு வருகிறது. நான் பேச்சுவாக்கில் கலவரம் என்று சொல்லிவிட்டேன். "கலவரம்னா ரெண்டு பக்கமும் அடிச்சுக்கணும் மாஸ்டர். நம்ம யார அடிச்சோம்?" என்று கேட்டீர்கள். ஆனால் வடக்கிலிருந்து முஸ்லிம்களை நம் மொழி பேசிய இயக்கத்தவரே ஒரு பையோடு விரட்டியபோது, அதையும் வகுப்பில் சொன்னவர் நீங்கள்தான். ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த நானாவின் மனைவி வீட்டார் அப்படி வந்து இறங்கியவர்கள். "நம்ம காயத்த மட்டும் காட்டுனா அது பாடம் இல்ல மாஸ்டர், முறைப்பாடு," என்றீர்கள். தெற்கில் கிளர்ச்சியை அடக்கியபோது ஆற்றில் மிதந்த சிங்களப் பிள்ளைகளையும் நீங்கள் விடவில்லை. மேலே தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் ஜன்னலை மூடினேன். "மூடுங்க, குளிருதுதான்," என்று சிரித்தீர்கள்.

ஓய்வுபெற்ற பிறகு நேரம் இருப்பதால் நானும் கொஞ்சம் வாசித்தேன். ஜெர்மனியில் தங்கள் தாத்தாமார் செய்ததைப் பார்க்கப் பாடசாலைப் பிள்ளைகளையே முகாம்களுக்குக் கூட்டிப்போகிறார்கள். ஜப்பானில் தங்கள் மேல் விழுந்த குண்டுக்கு மணி அடிக்கிறார்கள். தாங்கள் சீனாவில் செய்ததைப் பாடப்புத்தகத்தில் எத்தனை வரிகளில் எழுதுவது என்பதில் அவர்களுக்குள் இன்னும் சண்டை. இங்கே வெற்றிக்குத் தூண்கள் இருக்கின்றன. வடக்கில் மே மாதத்தில் போரில் இறந்தவர்களுக்காகக் கஞ்சி காய்ச்சி விளக்கேற்றுகிறார்கள். வவுனியாவுக்குப் போன நம் குடும்பங்களில் எத்தனை பேர் கடைசிப் போரில் அகப்பட்டார்கள் என்று மலையிலும் யாரும் எண்ணவில்லை. தங்கமலரின் தாய்க்கு நீங்கள் போட்ட இரண்டு கடிதங்களும் திரும்பி வந்தன. ஒரு நாடு எப்படி மறக்கிறது என்று பெரிதாக யோசிக்க எனக்கு அறிவு போதாது. என் அளவுக்கு ஒன்று தெரியும். யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில், ஒரு கோடு போடுகிறார்.

இதுவரை நேற்று இரவு எழுதியது. இன்று காலையில் அதிபருக்குக் கொடுக்க ஒரு வாக்கியம் எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். கொட்டிலுக்குத் தீ வைக்கப்பட்டதில் கொல்லப்பட்டார் என்பதா, இறந்தார் என்பதா என்று ஒரு மணி நேரம். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பது வருசமா எழுதுறீங்க, இன்னும் ஒரு வரிதான் ஆயிருக்கு," என்று போய்விட்டாள். கொல்லப்பட்டார் என்றே எழுதினேன். கீழே கையொப்பம் இட்டு, திகதி போட்டு, இடாப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதிபர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நாம் வாக்கியம் எழுத அதில் இடமே இல்லை. நான்கைந்து காரணங்கள் அதிலேயே இருக்கின்றன, ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். இறப்பு என்பதை அழுத்தினார். மரணச் சான்றிதழ் இலக்கம் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு ஏது சான்றிதழ்? எடுக்க யார் இருந்தார்கள்? இன்னும் இரண்டு தடவை அழுத்தினார். அதே கேள்வி.

"வேறு காரணம்னு ஒன்னு இருக்கு சேர். அதத்தான் போடணும்."

"புத்தகத்துலயாவது கோட்ட வெட்டி, ஓரத்துல..."

"நீங்க ரிட்டயர் ஆகிட்டீங்க சேர். இப்ப அதுல கை வெச்சா உங்களுக்கும் பிரச்சினை, எனக்கும் பிரச்சினை."

விதி அவர் சொன்னதுதான். அதை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நானாக இருக்கும். என் தாளை மடித்து அந்தப் பக்கத்துக்குள் வைத்தார். அது ஒட்டப்படாத தாள். யார் எப்போது எடுத்து வீசினாலும் தெரியாது. தங்கமலர் இப்போது வேறு காரணத்தால் விலகியவள்.

நான் குடையை எடுத்தபோது அதிபர் இடாப்பை என் கையில் வைத்தார். "பதினோராம் ஆண்டுக்கு இப்ப வரலாறு சேர். உலகப் போர்ப் பாடம் முடிஞ்சிருச்சு. டீச்சர் தவறிப் போனதுக்குப் பிறகு இத வாசிக்க ஆளில்ல. நான் வாசிச்சா கேட்டதத்தான் சொல்லலாம். நீங்க இருந்தீங்க."

நான் கணித ஆசிரியர், எனக்கு வரலாறு சொல்லத் தெரியாது என்றேன். தொண்டை சரியில்லை என்றேன். அவர் நடக்கத் தொடங்கிவிட்டார்.

வாசித்தேன் டீச்சர். குரல் கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஏழாவது பெயரில் நின்றேன். இவ போகல என்று உங்களைப் போலச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "இந்தக் கோட்ட போட்டது நான்," என்று சொன்னேன். பிறகு லொறி, கான், பொத்தான், கொட்டில் என்று வரிசையாகச் சொன்னேன். பிறகு ஜன்னலோரத்திலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள்.

"சேர், மாடு என்னாச்சு?"

யாரோ சிரித்தார்கள். அதிபர் அதட்டப் போனார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

அது நம் இருவருக்கு மட்டும் தெரியும். மூன்றாம் நாள் அந்த மாடு பாடசாலை வேலியோரம் வந்து நின்றது. கயிறு தரையில் இழுபட்டது. நீங்கள் குனிந்து அதன் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தீர்கள். எனக்கும் காட்டினீர்கள். அது அறுந்திருக்கவில்லை, எரிந்திருக்கவில்லை. நுனியில் முடிச்சின் வளைவு மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் சொன்னதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அதனால் அந்தப் பிள்ளையிடம் உங்கள் வார்த்தையிலேயே சொன்னேன்.

"அவுத்துவிட்டுட்டா."