ஓரத்தில் மட்டும் தடவவும்

மார்ச் 4, செவ்வாய்

கார் கழுவும் கடை திறந்து மூன்று மாதம். இன்று வந்த கார் ஒன்று. அதுவும் வழி கேட்க நின்றது.

கழுவிய டயர் பளபளக்கப் பூச எதை வாங்குவது என்று உதிரிபாகக் கடையில் அரை மணி நேரம் நின்றேன். கடைக்கார அம்மா இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பால் மாதிரி, தண்ணீரில் கரைத்தது. பூசினால் சாதுவான கறுப்பு. இன்னொன்று எண்ணெய்ச் சரக்கு, ஸ்ப்ரே. அடித்தால் டயரில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். "பால் மாதிரி இருக்கிறதையே வாங்கிக்கோங்க சார். எண்ணெய் தெறிக்கும், தூசியும் ஒட்டும்" என்றார். நான் ஸ்ப்ரேயை எடுத்தேன். பதினாறு வருடம் ஆபீசில் சாதுவாக இருந்து என்ன கண்டேன்?

டப்பாவின் பின்னால் ஏதோ எழுதியிருந்தது. படிக்கும் கண்ணாடி வீட்டில் இருக்கிறது. கையில் இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன், வயது தெரியும்.

மார்ச் 6, வியாழன்

மாமனார் தன் வெள்ளைக் காரைச் சனிக்கிழமை நம் கடைக்குக் கொண்டுவருகிறாராம். மனைவி எத்தனை நாள் கெஞ்சினாளோ.

மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. அதற்காகக் கொடுத்த கேடயம் அவர் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே. நான் வேலையை விட்ட அன்று மகளிடம் சொன்னாராம்: "படிச்சவன் டயர் துடைக்கப் போறான்னா படிக்காதவன் என்னதான் செய்வான்?" எனக்கும் பதில் தெரியவில்லை. சனிக்கிழமை டயர் பதில் சொல்லட்டும்.

மார்ச் 8, சனி, மதியம்

அசத்திவிட்டேன்.

சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன். பழுப்புத் தண்ணீர் ஓடியது. தெளிவாகும்வரை மூன்று முறை. நன்றாகக் காயவிட வேண்டும். அந்தப் பொறுமை எனக்கு ஏது? ஸ்ப்ரேயை அடித்தேன். ஓரம் பளபளத்தது. ஆனால் தரையில் உருளும் பட்டை மட்டும் சாம்பலாகவே நின்றது, தலைக்கு மை அடித்துவிட்டு மீசையை மறந்தவன் மாதிரி. விடுவேனா? பட்டைக்கும் அடித்தேன். காரைக் கொஞ்சம் நகர்த்தி, அடியில் மறைந்திருந்த இடத்துக்கும் அடித்தேன். நாலு டயருக்கும். இந்தச் சிரத்தை யாருக்கு வரும்!

மாமா சுற்றிவந்து பார்த்தார். "ம்" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் "ம்".

அன்றே, மாலை

மாமா சுவரில் மோதிவிட்டார்.

அவர் வீடு கடைக்கு அடுத்த தெருதான். வாசல் சரிவில் இறங்கி, டைல்ஸ் போட்ட போர்டிகோவில் பிரேக் பிடித்திருக்கிறார். வண்டி நிற்காமல் மெதுவாக, மரியாதையாகப் போய்ச் சுவரை முட்டியிருக்கிறது. ஹெட்லைட் ஒன்று போச்சு. நல்லவேளை, அவருக்கு ஒன்றுமில்லை. படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "மிதிச்சேன்னுதான் நெனச்சேன்..." என்றார், யாரையும் பார்க்காமல்.

டைல்ஸில் எண்ணெய்க் கோடு இரண்டு. பார்த்தவுடன் புரிந்துவிட்டது. செருப்பால் தேய்த்து அழித்தேன். ஏன் அழித்தேன்? கால் தானாகத் தேய்த்தது என்று எழுதினால் நானே நம்ப மாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மெக்கானிக் காரை எடுத்துக்கொண்டு தெருவில் நாலு சுற்றுப் போனார். டயரில் மிச்சமிருந்த எண்ணெயும் அதில் தேய்ந்திருக்கும். சாட்சியும் காலி. "பிரேக் பக்காவா இருக்குங்க. வண்டி மேல குத்தமே இல்ல" என்றார்.

வண்டி மேல் இல்லையென்றால் கால் மேல்தானே? போன வருடம் முழங்காலுக்கு ஊசி போட்டதிலிருந்தே மாமாவுக்கு அந்தச் சந்தேகம். கார்ச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். "யாரையாவது இடிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திக்கிறேம்மா."

"ஆனைக்கும் அடி சறுக்கும்பா" என்றாள் அவள்.

ஆனை தானாகச் சறுக்கவில்லை. அடியில் எண்ணெய் தடவியவன் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 10, திங்கள்

கண்ணாடியைப் போட்டு டப்பாவைப் படித்தேன். "ஓரத்தில் மட்டும் தடவவும். தரையில் படும் பகுதியில் தடவினால் வண்டி வழுக்கும்." பொடி எழுத்துகூட இல்லை. சிவப்புக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான்.

மார்ச் 12, புதன்

சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

சொல்லத்தான் போனேன். மாமா கேடயத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "சும்மா... தூசி படியுது" என்றார். "ஆமா மாமா, தூசிதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன். சோறும் அவர் வீட்டுச் சோறு.

மார்ச் 15, சனி

மாமாவும் மனைவியும் பஸ்ஸில் டாக்டரிடம் போய்வந்தார்கள். வந்ததும் சமையலறையில் நின்று அழுதாள். "டிரைவர் சீட்டுக்குப் பின்னாடிதான் உக்காந்தார்ங்க. அந்த டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அப்பாவும் காலை அழுத்துறாரு. அழுத்திட்டு என்னைப் பாக்குறாரு."

சொன்னால் கடை போகும். டயரில் எண்ணெய் பூசி மாமனாரைச் சுவரில் ஏற்றியவனிடம் எவன் காரை விடுவான்? என்னை நம்புகிற ஒரே ஆளும் இவள்தான். ஆனால் அவர் கால் போகிறதே, ஐயோ. நான் என்ன மனுஷன்?

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். டப்பாவையும் கையில் எடுத்துப் போனேன், போலீசில் சரணடைபவன் மாதிரி. மனைவியும் இருந்தாள்.

"மாமா, உங்க கால் இல்ல. நான்தான். டயர் அடியிலயும் அடிச்சுட்டேன். டைல்ஸ்ல இருந்த தடத்தையும் நானே அழிச்சேன்."

சிவப்புக் கட்டத்தை முழுக்கப் படித்தார். பிறகு வலது காலை நீட்டி, பாதத்தை இரண்டு முறை அழுத்தினார்.

"அப்ப நான் மிதிச்சேன்ல?"

"மிதிச்சீங்க மாமா."

"சரியாத்தானே மிதிச்சேன்?"

"சரியா மிதிச்சீங்க."

அதற்குப் பிறகுதான் திட்ட ஆரம்பித்தார். இருபது நிமிடம். முப்பத்திரண்டு வருட பஸ் நிலையத்துச் சரக்கு அத்தனையும். இந்த நோட்டு தாங்காது. நடுவில் மூச்சு வாங்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

பேசிவிட்டாள்.

மார்ச் 29, சனி

மாமா வெள்ளைக் காரை அவரே ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார், புது ஹெட்லைட்டோடு. கேடயம் மறுபடி டிவிக்கு மேல் ஏறிவிட்டதாம்.

இந்த முறை பால் மாதிரி இருப்பது. டயர் காயும்வரை காத்திருந்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு. ஸ்பாஞ்சில் தொட்டு ஓரத்தில் மட்டும் பூசி, பத்து நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். முகம் தெரியவில்லை. டயர் டயராக இருந்தது.

மாமா குனிந்து நாலு டயர் அடியிலும் விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். "ம்" வரவில்லை. கதவைத் திறந்து, "ஏறுங்க மாப்பிள்ளை" என்றார்.

அடுத்த தெரு. அதே வாசல், அதே சரிவு. டைல்ஸில் இறங்கியதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

மாமா என் காலைப் பார்த்தார். தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"நீங்க எதுக்கு மிதிக்கிறீங்க?" என்றார். "அதான் நான் மிதிச்சாச்சே."