கிழக்குச் சுவர் வாசல்

சிவமயம்

பதுளை, பஜார் வீதி
1924 மே 4

அன்பு இராயப்பா,

நானும் மீனாம்பாளும் பிள்ளைகளும் சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய திப்பிலியைக் குடித்தாயா, மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டாயா? உன்னை எனக்குத் தெரியாதா!

போன மாதம் முதல் ரயில் பதுளைக்கே வருகிறது. பண்டாரவளையில் இறங்கி இடுப்பு ஒடிய வண்டியில் வரும் தொல்லை தீர்ந்தது. இனி நீ சாக்குச் சொல்ல வழியில்லை.

சேதி இதுதான். நம் வீட்டுக் கிழக்குச் சுவர் வாசலைப் பார்க்க மடுல்சீமையில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். தோட்டத்துச் சனங்களின் தலைவர் நீ வந்துபோக, பள்ளிக்கூடச் சிநேகிதன் நான் தனியாக வெட்டிக்கொடுத்த வாசலாம். சிலர் நிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அதன்மேல் சலவைக்கல் பதிக்க வேண்டும் என்று நம் ஊர்ச் சங்கத்தார் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். கல்லை நானே வரவழைத்துவிட்டேன். எழுத்து வெட்டுவதுதான் பாக்கி. ஜூன் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, நீ வந்து திறந்துவைக்க வேண்டும்.

உன்
சிதம்பரநாதன்


சேசு மரியே துணை

கொழும்பு
1924 மே 11

அன்பு சிதம்பரம்,

திப்பிலியைக் குடித்தேன். இழுப்பறையில் இருப்பது பாதிதான்.

ரயில் வந்தது எனக்கும் சந்தோஷம். மடுல்சீமைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்து என் அய்யா என்னைத் தோளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நடந்தே வந்த ஊர் அது. அவர் இருந்திருந்தால் ஒரு தடவை ஏற்றிக்கொண்டு வந்திருப்பேன்.

கல் விஷயம். என் வக்கீல் புத்தியை மன்னித்துக்கொள். சங்கத்தார் எழுதித் தருவதை நான் வாசிக்கமாட்டேன். வாசலை வெட்டியவன் நீ. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அதை எதற்காக வெட்டினாய் என்று நீயே இரண்டு வரி எழுதி அனுப்பு. நீ எழுதுவதையே கல்லில் வெட்டட்டும். நானும் அதையே கூட்டத்தில் வாசிக்கிறேன்.

தங்கச்சி மீனாம்பாளுக்கு என் வணக்கம். அவள் ரசம் நாக்கிலேயே நிற்கிறது.

உன்
இராயப்பன்


சிவமயம்

பதுளை
1924 மே 25

அன்பு இராயப்பா,

இரண்டு வரி கேட்டாய். பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். "நட்பின் அடையாளமாக" என்று ஆரம்பிப்பேன், அதற்குமேல் கை ஓடாது. உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதையே கல்லில் வெட்டி ஊருக்கும் சொல்ல என்னால் ஆகவில்லை.

நீ படிப்பு முடித்து வந்த வருஷம். உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "லயத்துப் பய நம்ம சாமி அறையைத் தாண்டி வரக்கூடாது. வந்தான்னா இந்த வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்கமாட்டேன்" என்றார். உன்னை வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவை எதிர்க்கத் தைரியமும் வரவில்லை. கிழக்கு மூலையில் சாமான் அறை இருந்ததல்லவா, அதற்கு வீட்டுக்குள் இருந்து போகும் கதவை அடைத்துவிட்டுத் தெருப்பக்கம் புது வாசல் வெட்டினேன். உன்னிடம் என்ன சொன்னேன்? "முன்பக்கம் நம் கடைக்கு வந்த ஆட்களோடு நீ காத்திருக்க வேண்டாம், இது உனக்கென்றே வைத்த வாசல்" என்றேன். நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அப்பா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் நீ வரும்போதெல்லாம் அந்த வாசலைத்தான் திறந்தேன். முதலில் தம்பி என்ன சொல்வானோ என்ற பயம். பிறகு மகள் கல்யாணம். பிறகு பழகிப்போனது. அப்பாமேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது, இராயப்பா.

எழுதப்போகிறேன் என்று மீனாம்பாளிடம் சொன்னேன். "இப்பவாச்சும் எழுதுங்க. அந்த அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்கு எத்தனை வருஷமா கூச்சம்" என்றாள்.

உன்னை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் தபாலில் சேர்க்கிறேன்.

சிதம்பரநாதன்


கொழும்பு
1924 ஜூன் 1

சிதம்பரம்,

எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும்.

அன்று நல்ல மழை. தங்கச்சி ஒரு கையில் தட்டும் மறு கையில் குடையுமாக வீட்டை வெளியே சுற்றி வந்தாள். குடையைச் சாப்பாட்டுக்குப் பிடித்துக்கொண்டு அவள் நனைந்தாள். அடுப்படியும் நான் உட்கார்ந்த அறையும் ஒரே கூரைக்குக் கீழே. பிறகு ரசம் ஏன் மழையில் வரவேண்டும்? அவள் போனதும் சுவரில் புதுச் சுண்ணாம்பு பூசிய இடத்தைத் தட்டிப் பார்த்தேன்.

தெரிந்தும் ஏன் வந்தேன் என்று கேட்பாய். பதுளையில் வேறு எந்த வீட்டிலும் எனக்கு வாசலே இல்லை. உன் அப்பா இருந்தவரை உன்மேல் கோபமும் இல்லை. அவர் துக்கத்துக்கு வந்தேன் பார், அன்றும் நீ ஓடிப்போய்க் கிழக்குக் கதவைத் திறந்தாய். அன்றுதான் மனம் வெறுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் உன் முன்வாசலைப் பார்த்துக்கொண்டேதான் நடந்து வந்தேன். ஆயிரம் பேருக்காக மேடையில் கத்துகிறவன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு நீ முடியாது என்று சொல்லிவிட்டால் எங்கே போவேன்?

கல் திறக்க நான் வரமாட்டேன். உடம்பு சரியில்லை என்று சங்கத்தாரிடம் சொல்லிவிடு. இதற்குமேல் எழுத மனமில்லை.

இராயப்பன்


சிவமயம்

பதுளை
1924 ஜூன் 9

அன்பு இராயப்பா,

உனக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்லவில்லை. சங்கத்தாரை வீட்டுக்கு அழைத்து உள்ளதைச் சொன்னேன். இரண்டு பேர் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். விஷயம் தம்பி காதுக்கும் போயிற்று. உன்னை முன்வாசலால் அழைத்தால் அவன் வீட்டார் இனி இங்கே கை நனைக்கமாட்டார்களாம். சரி என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருஷம் பயந்த வார்த்தை அது. கேட்டபோது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

நேற்றுக் கொத்தனார் பாறூக் வந்து கிழக்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். நிலையைப் பிடுங்கினால் சுவர் வெடிக்கும் என்றார். அதனால் நிலை மட்டும் சுவரில் நிற்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அது எதற்கு வைத்தது, எதற்கு அடைத்தது என்று நானே சொல்கிறேன். பழைய உள்கதவு திறந்தாயிற்று. சலவைக்கல்லை மீனாம்பாள் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டாள். துணி துவைக்க வாகாக இருக்கிறதாம்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால், இப்போது வீட்டுக்கு ஒரே வாசல்தான்.

உன்
சிதம்பரநாதன்


கொழும்பு
1924 ஜூன் 16

அன்பு சிதம்பரம்,

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். மாலை, மேளம் ஒன்றும் வேண்டாம். ஸ்டேஷனுக்கும் வராதே. வழி எனக்குத் தெரியும். நீ முன்வாசலில் நில்.

சாப்பாட்டுக்கு இருப்பேன். தங்கச்சியிடம் சொல்: மழை பெய்தாலும் குடை வேண்டாம்.

உன்
இராயப்பன்