போனை எடுக்கும் முன் பேசிய அக்கா

சிட்லபாக்கம்,
செப்டம்பர் 10

அன்புத் தங்கை ஜெரூஷாவுக்கு,

அமலராணி அக்கா எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரர் லாசரஸ் அண்ணனும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் ஜாய்சன் தம்பியும் கோத்தகிரிக் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ. உன் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே எப்போதும் சொல்கிறது. தபால் என்றால் கைக்கு வந்துதானே ஆக வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் போன மாதக் கடைசியில் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கக் காவித்துணியோடு போனார்கள். எங்கள் தெருவில் இருந்து போனவர்களிடம் உன் பேரைச் சொல்லி மெழுகுவர்த்தி கொடுத்தனுப்பினேன். சி.எஸ்.ஐ.காரிக்கு மாதா எதற்கு என்று சிரிப்பாய். சிரித்தால் சரி. ஆஸ்பத்திரியில் இருந்து மூன்று பேராக வர வேண்டியவர்கள் ரெண்டு பேராகத் திரும்பினீர்கள். அதை நீயாகப் பேசுகிறவரை நான் பேச மாட்டேன்.

நீ வேலையை விட்டு ஊருக்குப் போன பிறகு நம் ஆபீசில் பக்தவச்சலம் சார் என்னைப் போன் எடுப்பதில் இருந்து மாற்றி வேறு வேலையில் போட்டுவிட்டார். சாகலாம் என்ற நினைப்போடு நம் ஹெல்ப்லைனுக்குக் கூப்பிடுகிறவர்களிடம் நம் ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று ரெக்கார்டிங்கைக் கேட்டு மதிப்பெண் போடுகிறேன். சொல்ல விட்டார்களா, குறுக்கே பேசினார்களா, சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டார்களா, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசித்தார்களா என்று பார்க்க வேண்டும். சாம்பசிவன் சார், பாவம், நல்ல மனசு. ஆனால் எதிராளி அழுது முடிப்பதற்குள் தியானம் பண்ணுங்கள் என்று ஆரம்பித்துவிடுகிறார். புதிதாக வந்திருக்கிற தீபலட்சுமிக்குக் குரல் நடுங்குகிறது. ஆனாலும் நேராகக் கேட்கிறாள். கேட்ட பிறகு அந்தப் பக்கம் மூச்சு இறங்குவது எனக்கே தெரிகிறது.

இனி எழுதப்போவதை ஜாய்சனிடம் படித்துக் காட்டாதே. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்பார்.

நம் ஆள் எடுத்த பிறகு இல்லை, லைன் கிடைத்த உடனே ரெக்கார்டிங் ஆரம்பித்துவிடுகிறது. எல்லாரும் பேச்சில் இருந்தால் காத்திருக்கச் சொல்லி ஒரு வீணை இசை ஓடுமே, அப்போதும் அந்தப் பக்கத்துச் சத்தம் பதிவாகிறது. மற்றவர்கள் அதைக் கேட்காமல் ஓட்டிவிடுவார்கள். நான் ஓட்டுவதில்லை. காத்திருக்கிறவர்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

ஒரு பெண் வீணைக்கு நடுவே தேம்பிக்கொண்டிருந்தாள். திடீரென்று அழுகை நின்றது. யாரோ கேட்டதற்குச் சொல்கிற மாதிரி, "இல்லக்கா, குடிக்கல. இருங்க, எடுத்துக்கினு வரேன்" என்றாள். டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு, "வெறுங்கால்தான்க்கா" என்றாள். இன்னும் கொஞ்சம் விட்டு, "ஆமா, தரை சில்லுன்னு கீது."

இந்தப் பக்கம் வீணை மட்டும்தான் ஓடுகிறது. வேறு குரலே இல்லை. ஹெட்போனைக் கழற்றி மாட்டி மறுபடி கேட்டேன். இல்லை.

அவள் ஒருத்தி என்றால் பிரமை என்று விட்டிருப்பேன். பிறகு ஒரு பெரியவர். பிறகு காலேஜ் படிக்கிற பையன். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், அதே பதில்களை அதே வரிசையில் சொல்கிறார்கள். இதில் இன்னொன்று, அதிக நேரம் காத்திருந்தவர்கள்தான் நம் ஆள் எடுக்கும்போது நிதானமாக இருக்கிறார்கள். சாருக்குச் சந்தோஷம். வீணை வேலை செய்கிறது என்கிறார்.

முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்லி, காலில் செருப்பு இருக்கிறதா, தரை எப்படி இருக்கிறது என்று கேட்கிறவள் இந்த ஆபீசில் ஒருத்திதான் இருந்தாள், அது நீ. நீ இதை வேறு யாருக்காவது சொல்லிக்கொடுத்திருந்தாயா? அப்படி என்றால் ஒரு வரி எழுது. எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அமலராணி அக்கா


அஸ்தினாபுரம் ஆபீஸ்,
அக்டோபர் 6, மதியம்

ஜெரூஷா கண்ணு,

இதை எழுதிப் போனில் படம் எடுத்து ஜாய்சனுக்கு அனுப்புகிறேன். வேலை பார்க்கிற ஸ்கூலில் இருந்து அவரை வீட்டுக்கு ஓடச் சொல்லியிருக்கிறேன். அவர் கையில் இருந்து வாங்கிப் படி. படித்து முடிக்கிறவரை அவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்று காலையில் ஒருவர் கூப்பிட்டார். பேரும் ஊரும் வேண்டாம். நம் பக்கத்து ஆள்தான், பேச்சிலேயே தெரிந்தது. காய்கறி வண்டி ஓட்டுகிறார். எல்லா லைனும் பிஸியாக இருந்ததால் காத்திருந்தார். தீபலட்சுமி எடுத்ததும் அவர் சொன்ன முதல் பேச்சு, "எனக்கு அப்பால பேசலாம்மா. அந்த அக்காவ முதல்ல பாருங்க" என்பது. எந்த அக்கா என்று இவள் கேட்டாள். "இம்மா நேரம் எங்கூட பேசிக்கினு இருந்தாங்களே, அவங்கதான். அழுவுறாங்கம்மா" என்றார். அவரை நிதானப்படுத்தி, அவர் அண்ணனை வீட்டுக்கு வரவழைத்து, அண்ணன் குரலைக் கேட்ட பிறகே வைத்தாள். பிறகு என்னிடம் ஓடி வந்தாள்.

ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டோம். தண்ணீர், செருப்பு, தரை, எல்லாவற்றுக்கும் வழக்கம்போலப் பதில் சொல்கிறார். அதற்குப் பிறகு வெறும் வீணை ஓடுகிறது. பிறகு அவர் கேட்கிறார், மெதுவாக: "அக்கா, நீங்க ஏன் அழுவுறீங்க?" கொஞ்சம் விட்டு, "உங்க கூட யாரு கீறாங்க? யாருமே இல்லியா?" அதற்கு என்ன பதில் வந்ததோ, அவர் பதறிப்போய், "வேணாம்க்கா, வேணாம், அப்டிச் சொல்லாதீங்க" என்கிறார். அந்த இடத்தில்தான் தீபலட்சுமி எடுத்திருக்கிறாள்.

இது என்ன என்று எனக்குத் தெரியாது. பங்குச் சாமியாரிடம் கேட்டால் ஒன்று சொல்வார், டாக்டர் வேறு சொல்வார். யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. நான் தப்பாகவே இருந்துவிட்டுப் போகிறேன், பைத்தியக்காரி என்று நீ என்னைத் திட்டு.

ஜெரூஷா, உனக்குச் செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா?

ஆமாம் என்றால் ஜாய்சனிடம் ஆமாம் என்று மட்டும் சொல். காரணம் சொல்ல வேண்டாம், அழக்கூட வேண்டாம். மற்றது அவர் பார்த்துக்கொள்வார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். நான் கிளாம்பாக்கத்தில் இன்று சாயங்காலம் பஸ் ஏறுகிறேன். மேட்டுப்பாளையம் வந்து, விடிந்ததும் உன் வாசலில் நிற்பேன். அதுவரை தனியாக இருக்காதே. அக்கா சொல்கிறேன், இருக்காதே.

உன்,
அமலா அக்கா


சிட்லபாக்கம்,
நவம்பர் 21

அன்புத் தங்கை ஜெரூஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோணல் மாணலான உன் கையெழுத்தைப் பார்த்ததும் லாசரஸ் அண்ணன் இது டாக்டர் சீட்டா என்று கேட்டார். மாத்திரையில் தூக்கம் அதிகமாக வருகிறது என்று எழுதியிருக்கிறாய். டாக்டரிடம் சொல், அவர் குறைப்பார். நீயாக நிறுத்தாதே. உன் அம்மா வந்து கூட இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அன்று காலையில் நீ கதவைத் திறந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கு முந்தின நாள், நான் எழுதியதைப் படித்துவிட்டு ஆமாம் என்று சொன்னாயாம். ஜாய்சன் தம்பி வாசல் கேட் பக்கத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதார். நீ பகலில் சமையலறையில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பாய் என்றும், ஜெபம் பண்ணுகிறாய் என்று தான் நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். நீ அதை மறுக்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர்ச் சத்தத்துக்குள் யாரோ அழுகிற மாதிரி இருக்கும், சும்மா இருக்க முடியாமல் விசாரிப்பேன் என்றாய். அதில் ஒருநாள் ஒருவர், நீங்க ஏன் அழுவுறீங்க என்று உன்னையே திருப்பிக் கேட்டுவிட்டார் என்றாய். அவர் கேட்டிருக்காவிட்டால் என்று ஆரம்பித்தாய். முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. சமையலறைக் குழாயை நான் போய் இறுக்கி மூடினேன். எனக்கும் அங்கே நிற்கப் பயமாகத்தான் இருந்தது.

இங்கே நல்ல மழை. முடிச்சூர்க்காரர்கள் வழக்கம்போல வெள்ளத்துக்குப் பயந்து வண்டியைப் பாலத்து மேல் ஏற்றிவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் கரண்ட் மட்டும் போய்ப் போய் வருகிறது.

ஆபீஸ் விஷயம். நீ டாக்டரைப் பார்த்த நாளில் இருந்து வீணைக்கு நடுவே யாரும் பதில் சொல்வதில்லை. அழுகிறார்கள், சிலர் வைத்துவிடுகிறார்கள். மதிப்பெண் எல்லாம் இறங்கிவிட்டது. பக்தவச்சலம் சாருக்குக் கவலை, இசையை மாற்றலாமா என்று கேட்டார். இசையில் ஒன்றும் இல்லை சார், காக்க வைக்காமல் எடுக்க ஆட்களைப் போடுங்கள் என்றேன். ரெண்டு பேரை எடுத்திருக்கிறார். நானும் பாதி நாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போன் எடுக்கிறேன். முன்பு கூப்பிட்டவர்கள் சிலர் என் குரலைக் கேட்டதும், நீங்க அந்த அக்கா இல்லையே என்கிறார்கள். இல்லை, நான் வேற அக்கா, சொல்லுங்க என்கிறேன். சொல்கிறார்கள்.

நேற்று காலையில் அந்தக் காய்கறி வண்டிக்காரர் கூப்பிட்டார். தீபலட்சுமிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாராம். தனக்காக இல்லை. "அந்த அக்கா இப்ப எப்டி கீறாங்க?" என்று மட்டும் கேட்டார். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசக்கூடாது என்பது நம் சட்டம். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். சொல்லு என்று நான் தலையை ஆட்டினேன். நல்லா இருக்காங்கண்ணா என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அப்ப சரிம்மா. நானும் வண்டி எடுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆண்டவர் உன் வீட்டைக் காக்கட்டும், உன் பகல்களை நிறைக்கட்டும். அந்த மனிதர் மறுபடி கூப்பிடுவார், எனக்குத் தெரியும். அவரிடம் நாங்கள் சொன்ன பதிலைப் பொய்யாக்கிவிடாதே, கண்ணு.

உன் மேல் உயிராக இருக்கும்,
அமலா அக்கா