வேலை நாளில் போடாத மாத்திரை

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்ததும் அம்மாவிடம் பேசிவிட்டீர்கள் என்று தெரியும். "அதான் போன்ல பேசியாச்சே, அப்புறம் என்னடி கடுதாசி?" என்று அம்மா கேலி செய்கிறாள். போனை அவள் ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிடுகிறாள். பாத்திரச் சத்தம் போக மிச்சம்தான் எனக்குக் கிடைக்கிறது. கடிதம் என்றால் முழுசாக என்னுடையது.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். லீவில் வந்திருந்தபோது தினமும் காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டீர்கள். கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிடும். நான் என் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். "ம்" கொட்டிக்கொண்டே தூங்கிப்போனீர்கள். வாய் உலர்கிறது என்று தண்ணீர் பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்திருந்தீர்கள். ஒருநாள் சட்டென்று எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஒண்ணுமில்ல, கால் மரத்துப்போச்சு" என்றீர்கள். கால் மரத்துப்போனால் காலைத்தானே தேய்ப்பார்கள்? நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள்.

"பாவம், அங்க தூங்காத தூக்கத்தையெல்லாம் இங்க தூங்குறார்" என்கிறாள் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் இவ்வளவு தூக்கம் வருகிறதென்றால், அத்தனை உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து கம்பிக்கட்டுகளைத் தூக்கும்போது என்ன செய்கிறீர்கள்?

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
மகள்

மார்ச் 12

என் வாத்தியாரம்மாவுக்கு அப்பா ஆசையாக எழுதுவது.

உன் கடிதத்தைக் கூண்டில் உட்கார்ந்துதான் படித்தேன். காற்று பலமாக அடித்ததால் வேலையை நிறுத்தியிருந்தார்கள். இறங்கி ஏறச் சோம்பல்பட்டு மேலேயே இருந்துவிட்டேன். கீழே நின்று கைகாட்டும் ஆள் வயர்லெஸில், "என்ன அண்ணே, காதல் கடிதமா?" என்றான். "அதைவிட மோசம்டா. பொண்ணு விசாரணை கமிஷன் வச்சிருக்கா" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் வயர்லெஸே கரகரத்துப்போனது.

உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வேலை நாளில் நான் அந்த மாத்திரையைப் போடுவதில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த புதிதில் போட்டுத்தான் பார்த்தேன். கம்பிக்கட்டு ஆகாயத்தில் தொங்குகிறது, கண் தானாகச் செருகுகிறது. அடியில் ஆட்கள் நடக்கிறார்கள். அன்றோடு வேலை நாளில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். விடுமுறை நாளில், விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன். கிரேனும் அப்படித்தானே நிற்கிறது? ஒரு கையில் பாரம் தொங்கினால், மறுகையில் அதற்கு ஈடாக எடை வைத்துவிடுகிறோம்.

அம்மாவிடம் சொல்லாதே. அவள் உன் வெல்டர் சித்தப்பாவிடம் சொல்வாள். அவரும் இங்கேதான் வேலை செய்கிறார், அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசர் வரைக்கும் போய்விடும். இது உனக்கும் எனக்கும் மட்டும்.

அந்தக் கட்டுரையை அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்பு. இந்தத் தடவை முழுசாகப் படிக்கிறேன்.

அப்பா

மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டுரையை அனுப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இப்போது அதில் மனம் இல்லை.

நீங்கள் விட்டுவிட்டுப்போன மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடை அக்காவிடம் போனேன். "என் தோழியோட அப்பா இதைச் சாப்பிடுறார்" என்று ஆரம்பித்து, வேலை நாளில் விடுவதையும் விடுமுறையில் இரண்டாகப் போடுவதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார்.

"உன் தோழிகிட்ட சொல்லு. இதை இஷ்டத்துக்கு விட்டு விட்டுப் போடவே கூடாது. திடீர்னு நிறுத்தினா, பிரஷர் முன்னாடி இருந்ததைவிட மேல எகிறிடும். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சாலும் வெடிக்கும். விட்டதுக்கு ஈடா ரெண்டு போட்டா ஒரேயடியா இறங்கி, மயங்கி விழுவாங்க. தூக்கம் வருதுன்னா டாக்டர்கிட்ட போய் 'நான் கிரேன் ஓட்டுறேன்'னு சொல்லணும். வேற மாத்திரை இருக்கு. பார்த்து, பதமா மாத்திக் கொடுப்பாங்க. இப்படி விட்டவர், மறுபடி ஆரம்பிக்கிறதையும் டாக்டரைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கணும்" என்றார்.

நான் கிரேன் என்ற வார்த்தையையே சொல்லவில்லை அப்பா.

நீங்கள் எடையை வைத்துச் சமன் செய்கிற கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரேனுக்கு ரத்தக்குழாய் இல்லையே. போட்டுக்கொண்டு ஏறினால் நீங்கள் கண் செருகிவிடுவீர்களோ என்று பயம். போடாமல் ஏறினாலோ அதைவிடப் பயம். வகுப்பில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், பாடம் காதில் ஏறவில்லை. தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கவலையோடு
உங்கள் மகள்

ஏப்ரல் 2

என் வாத்தியாரம்மாவுக்கு,

நீ சொல்வது சரி. மருந்துக்கடைப் பெண் சொல்வதும் சரி. ஆனால் இங்கே இருக்கும் டாக்டர் கம்பெனி டாக்டர். 'தூக்கம்', 'தலைசுற்றல்' என்று நான் வாயைத் திறந்தால் அடுத்த நாள் கூண்டில் வேறு ஆள் இருப்பான்.

உனக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. மேலே இருக்கும்வரைக்கும் நான் ஒரு ஆள். இந்தக் கட்டடத்தில் ஒரு தூண்கூட நான் தூக்காமல் நின்றதில்லை. கீழே இறங்கினால், என் பிள்ளை வயதுப் பையன்களோடு பாரத்துக்குக் கொக்கி மாட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

காலையில் பின்கழுத்து இழுக்கிறது. ஏணி ஏறும்போது நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்கிறது. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டால் சரியாகிவிடுகிறது. இதையெல்லாம் வேறு யாரிடமும் சொல்லமுடியாது, உன்னிடம்தான் சொல்கிறேன். இந்தக் கட்டடம் முடியட்டும், நல்ல டாக்டராகப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் சொல்லமாட்டாய்தானே? என்மேல் சத்தியம்.

அப்பா

ஏப்ரல் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்கமுடியவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழவில்லை. மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்தாள். பிறகு, "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள். நான் சொன்னதும் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்துபோய்ச் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை.

நீங்கள் என்னை நம்பித்தான் சொன்னீர்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினால் உங்களைக் காப்பாற்றமுடியாது போலிருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 29

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டரைப் பார்த்தாயிற்று. மாத்திரையை மாற்றியிருக்கிறார். தினமும் தவறாமல் போடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே வெயில் அதிகம். நன்றாகப் படி.

அப்பா

மே 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் எழுதாததைச் சித்தப்பா சொன்னார். மாத்திரை மாறி உடம்பு ஒரு நிலைக்கு வரும்வரை கூண்டில் ஏறக்கூடாதாம். உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார்கிறாராம். நீங்கள் கீழே கொக்கி மாட்டுகிறீர்களாம். சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறீர்களாம். மாத்திரை போட்டீங்களா என்று அவர் கேட்டால், "போட்டாச்சு, போட்டாச்சு" என்று கையை வீசிவிட்டுப் போய்விடுகிறீர்களாம். புது மாத்திரைக்குத் தலை சுற்றுகிறதா, பின்கழுத்து இன்னும் இழுக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அம்மா நிம்மதியாக இருக்கிறாள். "அதான் தினமும் போடுறேன்னு எழுதியிருக்காரே" என்கிறாள். உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது யாரோ அதிகாரிக்கு எழுதியதுபோல் இருக்கிறது.

வேலை நாளில் மாத்திரை போடவில்லை என்று நீங்கள் எழுதியபோது எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது தவறாமல் போடுகிறேன் என்று எழுதுகிறீர்கள் அப்பா. போடுகிறீர்களா?

மகள்